யாரு துன்றதுக்கு?

ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்ததும் அவர் உடனே உள்ளே கையை விட மாட்டார். குனிந்து, படுத்திருக்கும் மீனைச் சற்று நேரம் பார்ப்பார். குளிர்ப்புகை எழுந்து மூக்குக்கண்ணாடி மங்கிப்போகும். அதைத் துடைக்காமலே, “வாடா கெயங்கா, எங்கேந்து வர்ற நீ?” என்பார். கிழங்கான் மீனுக்கு அவர் ஊர் நாக்கில் அதுதான் பெயர். பிறகு என் பக்கம் திரும்புவார். எந்த மீனாக இருந்தாலும், எவர் அனுப்பியதாக இருந்தாலும், அதே கேள்வி.

“யாரு துன்றதுக்கு?”

பெட்டியின் மேல் ஓர் எண் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அனுப்பியவர் யார் என்பது வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் தெரியும். சோதனை செய்கிறவர்களிடம் அதைச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. அந்த விதியை என்னைவிட அவர்தான் கண்டிப்பாகப் பார்ப்பார்.

“யாரு அனுப்பிச்சாங்கன்னு நான் கேக்கலமா. யாரு துன்னப் போறாங்கன்னு கேக்கறேன். அது வேற, இது வேற.”

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் எங்கள் பரிசோதனைக் கூடம் இருந்தது. கீழே பஞ்சர் கடை, மேலே நாங்கள். உணவுப் பொருள்களில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது வேலை. மிளகாய்த்தூள் வரும், பால் வரும், ஏற்றுமதிக்குப் போகிற இறால் வரும். நான் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பழைய வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்தக் கடை வைத்திருந்த குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இந்த வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மீனோடு பேசும் அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மீனிலும் நண்டிலும் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற பெரிய மெஷின் அவர் பொறுப்பில் இருந்தது. ஈயம், காட்மியம், பாதரசம். மேலாளர் உட்பட எல்லோரும் அவரை ‘மேடம்’ என்பார்கள். நான் மட்டும் அக்கா என்பேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்தவர். அந்தக் குப்பத்திலிருந்து கெமிஸ்ட்ரி படித்த முதல் பெண். அறிக்கையைச் சுத்தமான இங்கிலீஷில் எழுதுவார். எழுதி முடித்துவிட்டு, “மெஷினு இன்னிக்கு பேஜார் பண்ணிகினே கீது, டீ சொல்லுமா” என்பார். புதிதாக வந்த பையன்கள் அவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். “சிரி, சிரி. மீனுக்கு இந்த பாஷதான் புரியும்” என்பார். வருத்தப்பட்டுச் சொல்வது போலத் தெரியாது.

மீனோடு பேசாமல் அவர் கத்தியை எடுத்து நான் பார்த்ததில்லை. சங்கராவா, மடவையா, கானாங்கத்தையா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செவுளைத் தொட்டு, “ஆத்துலேந்து வந்துகீற” அல்லது “நீ வெளிக்கடல் ஆளு” என்று ஏதோ சொல்வார். அது சரியா தப்பா என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கே பல நாள் தப்பிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். சரியாகச் சொல்ல வேண்டும் என்று அவர் அதைச் செய்யவில்லை. அதற்குப் பிறகு அந்த மீன் மீனாக இருக்காது என்பதால் செய்தார். சதையில் ஒரு துண்டை வெட்டி, அரைத்து, அமிலத்தில் போட்டுச் சூடாக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் சதை, நார், கொழுப்பு எல்லாம் கரைந்து இளமஞ்சள் நிறத்தில் ஒரு தெளிந்த நீர் நிற்கும். மீன் போய்விடும். அதற்குள் இருந்த உலோகம் மட்டும் எங்கும் போகாமல் அந்த நீருக்குள் இருக்கும்.

“வேக வெச்சாலும் போவாது, பொரிச்சாலும் போவாது. ஆசிட்ல போட்டே போவலன்னா கொயம்புல போட்டா போயிடுமா?”

மெஷினுக்குள் ஒரு சிறு ஜன்னல் உண்டு. கறுப்புக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் வெள்ளையும் ஊதாவுமாக ஒரு சுடர் அசையாமல் நிற்கும். அந்த மீன் நீர் துளித்துளியாக அதற்குள் போகும்போது சுடர் லேசாகச் சிலிர்க்கும். வேலை இல்லாத மதியங்களில் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். அறையில் ஏசி உறுமிக்கொண்டிருக்கும். வெளியே லாரி பின்னால் வரும் சத்தம். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்ன ஜன்னலில் மாறி மாறிக் கண்ணை வைத்து நிற்போம். இப்போது நினைத்தால் அது ஒரு அலுவலகத்தில் நடந்ததாகவே தோன்றவில்லை. தண்ணீருக்கு அடியில், கப்பல் ஒன்றின் வயிற்றில் இருந்தது போலத் தோன்றுகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் தினமும் மீன் கொண்டு வருவார். மற்றவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. பாதரசம் பார்க்கிறவர் மீன் தின்கிறாரே என்று கேட்பார்கள். அவர் முள்ளைப் பிரித்துக்கொண்டே, “எவ்ளோ? எத்தினி தபா? யாருக்கு? இந்த மூணையும் கேக்காம மீன விஷம்னு சொல்றவனும் தப்பு, நல்லதுன்னு சொல்றவனும் தப்பு” என்பார்.

தொலைபேசியில் யாராவது கூப்பிட்டு, “எண்ணூர் மீன் சாப்பிடலாமா?” என்று கேட்பார்கள். தொலைக்காட்சியில் ஆற்றைக் கறுப்பாகக் காட்டிய மறுநாள் இப்படி நிறைய வரும். ‘நாங்கள் அறிக்கை மட்டும்தான் தருவோம், அறிவுரை சொல்வதில்லை’ என்று சொல்லும்படி மேலாளர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் அதைச் சொல்லத் தொடங்கும்போதே அக்கா வந்து ரிசீவரை வாங்கிவிடுவார். எதிர்முனையில் இருப்பவர் யார், வீட்டில் குழந்தை உண்டா, எந்த மீன், வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே போவார். கேட்டவர்கள் ‘ஆமா, இல்லை’ என்று ஒரு சொல்லை எதிர்பார்த்துக் கூப்பிட்டிருப்பார்கள். நாலு கேள்விக்குப் பிறகு சலித்துப்போய் வைத்துவிடுவார்கள். அவர் ரிசீவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்கே ஒருமுறை அப்படி ஆயிற்று.

“அக்கா, வஞ்சிரம் சாப்பிடலாமாக்கா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒனக்கு மட்டுமா?”

என் கணவருக்குக்கூட நான் அப்போது சொல்லியிருக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டதற்கு, இத்தனை நாள் இல்லாமல் திடீரென்று ஒருத்தி மீனைக் கண்டு பயந்தால் வேறு என்ன காரணம் என்றார். அன்று மாலை என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். தூரத்தில், துறைமுகத்துக்குள் நுழைய இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களில் விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகி, கப்பல்கள் எதன் மேலும் நிற்காமல் மிதப்பது போல இருந்தது.

“கடல்ல சின்னதப் பெருசு துன்னும். அத்த அதவிடப் பெருசு துன்னும். வஞ்சிரம், சுறா, சூரல்லாம் ரொம்ப நாளு வாயற மீனு. அது துன்னது பூரா அதுக்குள்ளயே சேந்துகினே போவும். ஒனக்குன்னா எப்பவோ ஒரு துண்டு துன்னு, போ, ஒண்ணும் ஆவாது. உள்ள கீற ஆளுக்கு இப்பத்தான் மூளையே வளருது. அதுக்குப் பாதரசம் ஆவாது. அதுக்குன்னு மீனே வாணாம்னு வுட்றாத. நெத்திலி துன்னு. சாள துன்னு. சின்ன மீனா, நெறைய துன்னு.”

நான் நெத்திலி தின்றே பிள்ளை பெற்றேன். பிரசவத்துக்குப் பிறகு, பால் ஊறட்டும் என்று அம்மா ஊரிலிருந்து பால் சுறா வாங்கிவந்து புட்டு செய்தார். நான் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் மறுமுனையில் சிரித்தார். “பால் சுறா சின்னதுதான். அம்மா அவ்ளோ தூரத்துலேந்து எட்த்துனு வந்துகீறாங்க, இன்னிக்குத் துன்னு. தெனமும் வாணாம்.” அப்புறம், “எனக்கும் கொஞ்சம் குட்த்து அனுப்பு” என்றார்.

நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் அவருடைய அண்ணன் வந்தார்.

அவர்தான் அண்ணன் என்று எனக்கு முதலில் தெரியாது. குப்பத்துத் தலைவரோடு வந்து நின்றார். உயரமான, வெயிலில் கறுத்த மனிதர். இரண்டு பெட்டிகள். ஒன்றில் மடவையும் கிழங்கானும் நண்டும். இன்னொன்றில் ஈரச் சாக்கில் சுற்றிய மட்டி என்கிற சிப்பிகள், பச்சை ஓட்டோடு. முகத்துவாரத்துப் பாறைகளில் ஒட்டியிருப்பவை. ஆற்றில் எங்கெங்கிருந்தோ குழாய்கள் வந்து சேர்கின்றன, எது எவருடையது என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை, வழக்குப் போடப் போகிறோம், அதற்கு அறிக்கை வேண்டும் என்றார் தலைவர். பேச்சுச் சத்தம் கேட்டு அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“ண்ணா!”

“இன்னாமே, இன்னிக்கு வேலைல கீறியா? நல்லதாப் போச்சு,” என்றார் அவர். “மீன்ல வெஷம் கீதுன்னு நல்லா அய்த்தமா எயுதிக் குடு.”

அக்கா முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. “கீதான்னு பாக்கறேண்ணா,” என்றார். நேரே மேலாளரிடம் போய், இது என் அண்ணன் கொண்டு வந்தது, நான் செய்கிறதை இன்னொருவரும் தனியாகச் செய்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் மாலை அவருடைய அண்ணி வந்தார். வாசலிலேயே நின்றார். அலுமினியக் கூடை இடுப்பில். ஆற்றில் மட்டி எடுத்து, ஓட்டிலிருந்து பிரித்து, தெருத்தெருவாக விற்பது அவர் வேலை. அண்ணன் பிடிப்பதில் மிஞ்சுகிற மீனையும் அவர்தான் விற்பார்.

“ஒங்க அண்ணன் பேச்சக் கேட்டு வெஷம் கிஷம்னு எயுதி வெச்சுடாதே. அந்தாளுக்கு கேஸுதான் முக்கியம். பேப்பர்ல வந்துச்சுன்னா எவ எங்கிட்ட வாங்குவா? எம் பொண்ண எத்த வெச்சிப் படிக்க வெப்பேன்?”

“அண்ணி, வந்து குந்து. தண்ணி குடி.”

“தண்ணியெல்லாம் வாணாம். நல்ல மீனுன்னு எயுது.”

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிடுகிற இரண்டு பேர். ஒருவருக்கு விஷம் வேண்டும், ஒருவருக்கு விஷம் வேண்டாம். அன்று அந்த மீன்களை வெட்டும்போது அக்கா அவற்றோடு பேசவில்லை. நான் கதவோரமாக நின்று பார்த்தேன். பெட்டியைத் திறந்தார், புகை எழுந்தது, மடவையை எடுத்துப் பலகையில் வைத்தார். உதடு அசையவே இல்லை.

முடிவு வந்தது. இருவர் செய்ததும் ஒன்றுபோலவே இருந்தது. மடவையும் கிழங்கானும் அரசு சொல்லும் வரம்புக்குள்தான் இருந்தன. நண்டின் வெள்ளைச் சதையில் பிரச்சினை இல்லை, ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளில் காட்மியம் கூடுதல். மட்டியில் ஈயமும் காட்மியமும் வரம்பைத் தாண்டியிருந்தன. கொஞ்சமாக இல்லை.

அறிக்கையைத் தலைவரிடம் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது. அக்காவுக்கு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் கூட்டம் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். என்னையும் துணைக்கு வரச் சொன்னார். வலை காய வைக்கும் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அனல் மின் நிலையத்துப் புகைக்கூண்டுகள் வெயிலில் வெளிறிப்போய், வானத்தில் பென்சிலால் கோடு போட்டது போலத் தெரிந்தன. அவர் எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் பேசினார். மீன் சாப்பிடலாம். நண்டில் மஞ்சளை எடுத்துப் போட்டுவிடுங்கள். மட்டி வேண்டாம். முக்கியமாகக் குழந்தைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் வேண்டவே வேண்டாம்.

அண்ணன் எழுந்தார். “அப்ப ஆத்துல ஒண்ணுமே இல்லன்றியா? மீனு நல்லா கீதுன்னு நீயே எயுதிக் குட்த்துட்டா, குயா வுட்டவன் சிரிச்சிகினு போமாட்டானா?”

“நான் அத்தச் சொல்லலண்ணா. மீனு ஓடும். இன்னிக்கு ஆத்துல, நாளைக்குக் கடல்ல. மட்டி ஓடாது. குந்துன எடத்துலயே குந்திகினு, ஆத்துல இன்னா வருதோ அத்த உறிஞ்சிகினே கீது. அதனாலதான் அதுல தெரியுது.”

பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

“நாங்களுந்தான் குந்துன எடத்துலயே குந்திகினு கீறோம். எங்கள இன்னா பண்ணப் போற?”

கடல்காற்றில் கொட்டகை ஓலை சரசரத்துக்கொண்டிருந்தது. மெல்ல ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

சாப்பிடாமல் கிளம்பிவிடலாம் என்று நான் நினைத்தேன். அக்கா கேட்கவில்லை. அண்ணன் வீட்டுக்கு நடந்தார். அண்ணன் எங்களைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணி பாய் போட்டார், தட்டு வைத்தார். சோறு போட்டார். அதன் பக்கத்தில், கறிவேப்பிலையும் மிளகும் மணக்க, மட்டித் தொக்கு. எனக்கு, அக்காவுக்கு, இரண்டாம் வகுப்பு படிக்கிற தன் மகளுக்கு. வேண்டுமென்றேதான் போட்டார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

எனக்கு அப்போது பால்குடி மறக்காத பிள்ளை. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா முதலில் தன் தட்டில் இருந்ததைப் பிசைந்து சாப்பிட்டார். பிறகு, பக்கத்தில் இருந்த சிறுமியின் தட்டிலிருந்து ஒவ்வொரு மட்டியாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அவசரமில்லாமல், விரலை நக்கிக்கொண்டு. அந்தப் பெண் முதலில் சிரித்தாள், அத்தை விளையாடுகிறாள் என்று. பிறகு, “அத்த, அது என்து!” என்று தட்டை இழுத்தாள். அக்கா விடவில்லை. அதை முடித்து, என் தட்டுக்கு வந்தார்.

“வெஷம்னு சொன்ன வாயி, இன்னாத்துக்குத் துன்னுது?” என்றார் அண்ணி.

“நல்லா பண்ணிகீற அண்ணி. நீ எப்பவும் நல்லாத்தான் பண்ணுவ.” அக்கா நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு வயசு ஆவுது. நான் இனிமே வளரப்போறதில்ல. ஒரு நாளு துன்னா எனக்கு ஒண்ணும் ஆவாது. இவ வளர்றா. இவளுக்கு தெனமும் இத்தப் போடற. ஈயம் எலும்புல போயி குந்திக்கும், மூளைய மெதுவாக்கும். நாளைக்கு இவளுக்குப் படிப்பு ஏறலன்னா நீ இவளத்தான அடிப்ப?”

கரண்டி தரையில் விழுந்தது. அண்ணி வெளியே போய்விட்டார். சிறுமி வெறும் சோற்றைப் பார்த்து அழுதாள். அக்கா அவளைச் சமாதானப்படுத்தவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. குழந்தையின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசல் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. தெருவில் யாரோ வானொலியைத் திருப்பினார்கள். பிறகு பின்கட்டில் எண்ணெய் காயும் வாசனை வந்தது. முட்டை உடைக்கும் சத்தம் கேட்டது. அண்ணி உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், மகளின் தட்டில் ஆம்லெட்டை வைத்தார். கொஞ்சம் பிய்த்து அவரே ஊதி ஊட்டினார்.

திரும்பும்போது பேருந்தில் நான் கேட்டேன், “எதுக்குக்கா அத்தனையும் சாப்பிட்டீங்க? ஒதுக்கி வச்சிருக்கலாமே?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ ஆத்துல கய்த்தளவு தண்ணில நின்னு எடுத்தது. குப்பையிலயா போடச் சொல்ற?” என்றார். சற்றுப் பொறுத்து, வெட்கப்பட்டது போலச் சிரித்தார். “அப்பால, எனக்கு அது ரொம்பப் புடிக்கும்மா. சின்ன வயசுலேந்து புடிக்கும். இனிமே துன்ன மாட்டேன்ல, அதான்.”

அதன் பிறகான மாதங்கள் அவருக்கு நன்றாக இல்லை. அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டார். மட்டி எடுக்கும் பெண்களில் சிலர், அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி அவரோடு பள்ளிக்கூடம் போனவள். விற்பனை விழுந்துவிட்டது என்று அவள் சொன்னது உண்மை. அவளுக்கு வேறு தொழில் தெரியாது என்பதும் உண்மை. அக்கா அவளைப் பற்றி என்னிடம் பலமுறை பேசியிருக்கிறார். ‘சரியானதைத்தான் சொன்னீர்கள்’ என்று நான் ஆறுதலாகச் சொன்னால், “சரியாச் சொல்லிட்டா அவ வூட்ல அடுப்பு எரியுமா?” என்று கேட்பார். வழக்கும் போட்டார்கள். அதிகாரிகள் வந்து பாட்டில்களில் தண்ணீர் எடுத்துப்போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

அண்ணி மட்டும் மட்டியை விட்டார். யாரிடமும் சொல்லிக்கொண்டு விடவில்லை. விடியற்காலையில் காசிமேட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் நெத்திலி வாங்கி விற்கத் தொடங்கினார். முன்னைவிட அலைச்சல். ஒரு நாள் எங்கள் கூடம் இருந்த தெருவிலேயே கூவிக்கொண்டு போனார். அக்கா ஜன்னலருகே போய் அந்தக் குரல் தெருமுனை தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம். ஆற்றில் தண்ணீர் நிறம் மாறிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மதியம் அண்ணன் தனியாக வந்தார். தலைவர்கூட வரவில்லை. சின்ன ஐஸ் பெட்டி ஒன்றை என் மேஜைமேல் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்காராமல் நின்றார்.

“கேஸுக்கா அண்ணே?” என்று கேட்டேன்.

“கேஸெல்லாம் இல்லமா.”

“யார் பேர்ல பதியணும்?”

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். “எம் பொண்ணு பேரு போட்டுக்க,” என்றார். “அவதான் துன்றா.”

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா வாசல்வரை வந்து நின்றுவிட்டார். கையில் ஈரக் கையுறை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அக்கா வந்து பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார். குளிர்ப்புகை முகத்தில் ஏறியது. உள்ளே நாலைந்து மடவை, வெள்ளி போல. “வாடா மடவ,” என்றார். “வா, ராசா.”

அண்ணன் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

இந்தத் தடவையும் மேலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார். சாப்பிடலாம் என்றே வந்தது. அண்ணனைப் போனில் கூப்பிட்டு, “துன்னலாம்ணா. வாரத்துல ரெண்டு தபா துன்னட்டும். அப்பப்பத் திரும்பவும் பாக்கலாம். மழைக்கு மழ மாறும்” என்று நீளமாகச் சொன்னார். மறுமுனையில் என்ன சொன்னாரோ, “கடலுக்கா? நானா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

பெண்களைப் படகில் ஏற்றாத மனிதர் அவர் என்று அக்கா சொன்னார். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் ஏற்றினார். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் வந்திருந்தேன். கண்ணாடி இழைப் படகு, பின்னால் எஞ்சின். ஆற்று நீர் சாம்பல் நிறத்தில் கனமாக இருந்தது. முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்டும்போது படகு தூக்கிப் போட்டது, நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதைத் தாண்டியதும் அலைகள் அகலமாகி, மெதுவாகின. சாம்பல் போய்ப் பழுப்பு, பழுப்பு போய்ப் பச்சை. இன்னும் போகப் போக, பெயர் சொல்லத் தெரியாத ஒரு நீலம். திரும்பிப் பார்த்தால் கரை இல்லை. புகைக்கூண்டுகளின் நுனிகள் மட்டும் மூட்டத்தில் நின்றன, எதனோடும் சம்பந்தம் இல்லாமல்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பக்கவாட்டில் சாய்ந்து, கையை நீரில் விட்டார். விரல்களுக்கு நடுவே நீர் நூல்நூலாகப் பிரிந்து ஓடியது. ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்களைப் பற்றி, ஆழத்தைப் பற்றி. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், குவித்து வைத்த வலையின் மேல் தலையை வைத்துத் தூங்கிப்போயிருந்தார். கை இன்னும் நீரில் இருந்தது.

அண்ணன் எஞ்சினை நிறுத்தினார்.

அவ்வளவு அமைதியை நான் வடசென்னையில் கேட்டதே இல்லை. படகின் அடியில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. அவர் சத்தமில்லாமல் எழுந்து வந்து, தன் சட்டையைக் கழற்றி, வெயில் படாமல் தங்கையின் முகத்துக்கு மேல் பலகையில் கட்டினார். நீரில் கிடந்த கையை எடுத்துப் படகுக்குள் வைத்தார். விரல்களைத் தன் லுங்கியில் துடைத்தார். திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் இறங்கத் தொடங்கியது. வீட்டில் பிள்ளை பாலுக்கு அழும் நேரம். கரைக்குத் திரும்பலாமா என்று நான் கையைக் காட்டிக் கேட்டேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

ஆனாலும் வெகுநேரம் அவர் எஞ்சினைத் தொடவில்லை.